"பேட்டரி போச்சு" என்று சொல்லாதீர்கள். எத்தனை வோல்ட் என்று சொல்லுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இங்கே ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். "14 மாதத்தில் ஸ்கூட்டருக்கு மூன்று பேட்டரி வாங்கியிருக்கிறேன்." அவ்வளவுதான். பதில்கள் குவிந்துவிட்டன. "அந்தக் கம்பெனி பேட்டரியே அப்படித்தான் சார்." "வித்துட்டு எலெக்ட்ரிக் வாங்குங்க சார்." "மாமா, 1,350 ரூபாய்க்கா இவ்வளவு புலம்பல்?" சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், "அப்பா, புது வண்டியே எடுத்துருங்க, நான் பணம் அனுப்புறேன்" என்றான்.

ஒருவர்கூட "எத்தனை வோல்ட் காட்டுது?" என்று கேட்கவில்லை. பதில் எழுதியவர்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் இருக்கிறீர்கள், என்னிடம் ஏழாம் வகுப்பில் மின்னோட்டம் பாடம் படித்தவர்கள் அத்தனை பேரும் இருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபம் அதனால்தான். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மாதம், நல்ல மழை. ஒரு கல்யாணத்துக்காக நானும் வீட்டம்மாவும் பஸ்ஸில் திருச்சி போய், நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். வந்த அன்றைக்கு ராத்திரி மூன்றரை மணிக்கு அவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. வண்டியை வெளியே தள்ளி சாவி போட்டேன். "டிக்... டிக்..." என்றது. அதோடு சரி. என் வண்டியில் உதைப்பதற்குக் கிக்கரும் கிடையாது. 108-க்குப் போன் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், மீன் ஏற்றும் லோடு ஆட்டோவில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். நல்ல வேளை, இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுப் பிடிப்பு என்றார்கள். ஆனால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை. ஆகவே, 1,350 ரூபாய்க்குப் புலம்புகிறேன் என்று நினைத்த மருமகனே, நான் ரூபாய்க்குப் புலம்பவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பேட்டரி கடைக்குப் போனேன். கடைக்காரர் செல்ப் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "பேட்டரி போச்சு சார், மாத்திருவோம்" என்றார். வாங்கி நாலே மாதம் ஆன பேட்டரி. வாரண்டி கேட்டேன். "ஃபுல்லா இறங்க விட்டுட்டீங்க, அதுக்கு வாரண்டி கெடையாது" என்றார். ஏன் இறங்கியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலாவது பேட்டரிக்குப் பர்ஸைத் திறந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இதே வண்டியில் கம்பெனியே போட்டுக் கொடுத்த முதல் பேட்டரி மூன்று வருடம் ஓடியதே! அதற்குப் பிறகு வந்தது எல்லாம் ஏன் அஞ்சு மாதம்கூடத் தாங்கவில்லை? பர்ஸை மூடினேன்.

அடுத்து, மீமிசல் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். பெயர் எழுதவில்லை, இதை அவனே படிப்பான். பத்தாவதில் தவறியவன். அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், எத்தனை வோல்ட் காட்டுது?" இரண்டாவது கேள்வி: "மொத பேட்டரி நல்லா ஓடுச்சுல்ல, அதுக்கப்புறம் வண்டியில புதுசா என்ன மாட்டுனீங்க?"

பாருங்கள், இதுதான் நோயறிதல். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன வரிசையும் இதுதான்: முதலில் நோய், அப்புறம் அதன் காரணம், அதற்குப் பிறகுதான் வைத்தியம். "பேட்டரி செத்துப் போச்சு" என்பது நோயறிதல் இல்லை, அது இறப்புச் சான்றிதழ். எதனால் செத்தது என்று கேட்காமல் அதே இடத்தில் இன்னொன்றை உட்கார வைத்தால், அதுவும் அதே நோயில்தான் சாகும்.

சாயங்காலம் அவன் வந்தான். கையில் 350 ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரு மணி நேரத்தில் நாலு அளவு எடுத்தான். அந்த நாலையும் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் 4 அல்லது 5 ஆம்பியர்-அவர். உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே ஈய-அமிலக் கலம்தான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஒன்று, ஓய்வில் அளவு. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் காலி. கவனியுங்கள், நான் "காலி" என்றுதான் சொன்னேன், "செத்தது" என்று சொல்லவில்லை. காலிக் குடத்தைப் பார்த்து ஓட்டைக் குடம் என்று சொல்லக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் அதற்குரிய சின்ன சார்ஜரில் அரை ஆம்பியர் அளவில், ஒரு ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்ற வேண்டும். கார் சார்ஜரில் போட்டு அவசரமாக ஏற்றாதீர்கள், உப்பிப் போகும். ஏற்றி எடுத்து, சில மணி நேரம் கழித்தும் 12.5-க்கு மேல் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு, செல்ப் அமுக்கும்போது அளவு. நிறைந்த பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டே பட்டனை அமுக்குங்கள். 10-க்கு மேல் நின்றால் நல்லது. 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குப் பலம் இல்லை. ஆனால் பேட்டரி முனையில் 12 அப்படியே நிற்க, மோட்டார் மட்டும் சுற்றவில்லையா? குற்றவாளி பேட்டரி இல்லை. டெர்மினல் பிடிப்பு, வயர், ரிலே, ஸ்விட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்று, ஓடும்போது அளவு. இன்ஜினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை மிதமாக முறுக்கிப் பிடியுங்கள். 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜே ஏறவில்லை: ஃபியூஸ், காயில், ரெகுலேட்டர், கனெக்டர் இவற்றில் ஒன்று. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி வெந்து உப்பும். இப்படிச் சார்ஜ் குறைவாகவோ கூடுதலாகவோ ஏறுகிற வண்டியில் எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் பிரயோஜனமில்லை.

நான்கு, நிற்கும்போது கசிவு. இதைத்தான் யாரும் பார்ப்பதே இல்லை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரைத் தொடரிணைப்பாக வையுங்கள். ஆம்பியர் அளவில் இருக்கும்போது சாவியைப் போடவோ, செல்ப்பை அமுக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வைக்கவே கூடாது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் போனால் விட்டுவிடலாம். அது கடிகாரம், கணினிப் பெட்டி தின்கிற சோறு. அதற்கு மேல் போனால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அதுதான் திருடன்.

என் வண்டியில் என்ன கிடைத்தது தெரியுமா?

கசிவு 0.06 ஆம்பியர், அதாவது 60 மில்லி ஆம்பியர். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தான். சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கியதும் எண் விழுந்தது. போன வருடம் லீவில் வந்த என் மகன் மாட்டிவிட்டுப் போன ஜி.பி.எஸ். கருவி! "அப்பா எங்க போறார், எங்க நிக்கிறார்னு எனக்குத் தெரியணும்" என்று பாசத்தில் மாட்டியது. மாட்டியவர் சாவி வழியாகக் கொடுக்காமல் நேராகப் பேட்டரியில் இழுத்துவிட்டார். கணக்கு போடுங்கள் பிள்ளைகளா: 5 ஆம்பியர்-அவர் என்பது 5,000 மில்லி ஆம்பியர்-அவர். 5,000-ஐ 60-ஆல் வகுத்தால் 83 மணி நேரம். மூன்றரை நாள். நாங்கள் திருச்சியில் இருந்தது நாலு நாள்.

அதோடு முடியவில்லை. ஓடும்போது அளவு 13.2-தான் ஏறியது. பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டரின் எர்த் வயருக்கும் இடையே மீட்டரை வைத்தான். சுழி காட்ட வேண்டிய இடத்தில் 0.9 வோல்ட். எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. நம் ஊர் உப்புக் காற்று! கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கட்டுமாவடி என்று இந்தக் கரை முழுக்க ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, ஒரு போல்ட்டை விடுமா? உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினான். மறுபடி அளந்தான். 14.1.

ஆக, வரவும் குறைவு, செலவும் அதிகம். பென்ஷன் குறைவாக வந்து, வீட்டில் தெரியாமல் ஒரு குழாயும் திறந்து கிடந்தால் குடும்பம் என்ன ஆகும்? அதுதான் அந்தப் பேட்டரிகளுக்கு ஆனது. நான் ஓட்டுகிற ஓட்டமும் அப்படி. வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கோயில், ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் செல்ப். எடுத்ததைத் திருப்பி நிரப்புவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறேன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறது, அது தனிச் செலவு.

"செத்துப்போச்சு" என்று கடைக்காரர் சொன்ன அந்த மூன்றாவது பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டோம். காலையில் எடுத்து, மத்தியானம் அளந்தால் 12.6. இன்றைக்கு ஏழு வாரம் ஆகிறது. முதல் அமுக்கிலேயே கிளம்புகிறது. அப்படியென்றால் நான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த முதல் இரண்டு? அவையும் உயிரோடுதான் போனதோ என்னவோ.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"பழைய காலத்துல இதெல்லாம் பார்த்தாங்களா சார்?" பார்க்கவில்லை, தேவையும் இல்லை. கார்புரேட்டர் காலத்து வண்டியில் பேட்டரி காலியானாலும் உதைத்துக் கிளப்பிப் போகலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப், இன்ஜெக்டர், கணினிப் பெட்டி எல்லாமே மின்சாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. வண்டி மாறிவிட்டது, நாம் இன்னும் பட்டனை அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"எலெக்ட்ரிக் வாங்குங்க சார்." வாங்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், முழுக்க முழுக்க பேட்டரியிலேயே ஓடும் வண்டியை வாங்கினால் அவன் பிரச்சினை தீருமா, பெருகுமா? 1,350 ரூபாயில் ஏமாறுவதற்குப் பதில் பெரிய தொகையில் ஏமாறுவான், அவ்வளவுதான்.

"1,350 ரூபாய்தானே." உனக்கு அது ஒரு பீட்சா, தம்பி. நம் ஊரில் மீன் கூடையை முன்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அக்காவுக்கு அது பல நாள் வருமானம். அவருடைய வண்டிக்கும் இதே தீர்ப்புத்தான் சொல்கிறார்கள்: "போச்சு, மாத்துங்க." இன்னொன்று, அந்தப் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விதி இருக்கட்டும், உயிருள்ள பேட்டரியைத் தூக்கிப் போடாமல் இருப்பது அதைவிடப் பெரிய காரியமில்லையா?

"மெக்கானிக்கை நம்பாதீங்கன்னு சொல்றீங்களா சார்?" இல்லை. என்னைக் காப்பாற்றியதே ஒரு மெக்கானிக். அந்தக் கடைக்காரரும் திருடர் இல்லை. அவருக்குப் பேட்டரி விற்றால் காசு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளந்தால் காசு இல்லை. ஏன்? அளப்பதற்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை. "சும்மா பாத்ததுக்கா 150 ரூபா?" என்று கேட்பவர்கள் நாம்தான். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம், மெக்கானிக்கிடம் மட்டும் பொருள் மாற்றினால்தான் கொடுப்போம் என்கிறோம். நாமே அவரைப் பொருள் மாற்றுபவராக ஆக்கிவிட்டு, அப்புறம் நாமே திட்டுகிறோம். என் மாணவன் வாங்க மாட்டேன் என்றான். 300 ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துத்தான் அனுப்பினேன்.

கிளம்பும்போது அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "சார், அம்மீட்டரைத் தொடராத்தான் இணைக்கணும், வோல்ட்மீட்டரைப் பக்கவாட்டுலதான் இணைக்கணும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. போர்டுல படம் அழகா வரைவீங்க. ஆனா ஒரு நாள்கூட மீட்டரைத் தொட விடல சார். நான் மொதமொதல்ல தொட்டது ஒர்க்ஷாப்புலதான், அதுவும் மேஸ்திரிகிட்ட அடி வாங்கி."

பிள்ளைகளே, ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

34 வருடம் இடைநிலை ஆசிரியனாக வேலை பார்த்தேன். எங்கள் பள்ளி பீரோவில் இரண்டு அம்மீட்டர், இரண்டு வோல்ட்மீட்டர் இருந்தன. பஞ்சு சுற்றி, பெட்டியோடு இருந்தன. உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதில் எழுத வேண்டும், கைக்காசைக் கட்ட வேண்டும் என்ற பயம். ஆண்டாய்வு வரும்போது எடுத்துத் துடைத்து மேசையில் வைப்பேன். அதிகாரி போனதும் பூட்டுவேன். நான் ஓய்வு பெற்ற நாளில் அவற்றைப் புத்தம் புதிதாக அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. புதிதாக இருந்த மீட்டர்கள் என் நேர்மைக்குச் சாட்சி என்று நினைத்தேன். அவை என் பிள்ளைகள் எதையும் தொடவில்லை என்பதற்குச் சாட்சி.

நீங்கள் "எத்தனை வோல்ட்?" என்று கேட்காததற்கு நான்தான் காரணம். மதிப்பெண் வாங்கியவர்களுக்கு வரையறை தெரிந்தது. தவறியவன் போய் மீட்டரைத் தொட்டான், அவனுக்குத்தான் கேள்வி தெரிந்தது.

இத்தனைக்கும் நமக்கு இதெல்லாம் எட்டாத விஷயமில்லை. பக்கத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். பேட்டரி என்றால் என்ன என்று ஆராயும் தேசிய நிறுவனம் நம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் நம் தெருவில் பேட்டரி இன்னும் "டிக் டிக்" சத்தத்தால்தான் அளக்கப்படுகிறது.

ஆகவே, உங்கள் பழைய வாத்தியாராக மூன்று வீட்டுப்பாடம் தருகிறேன்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதுபோல. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியை அளந்து, அளவைக் கீழே எழுதுங்கள். கலர் விளக்கு, பெரிய ஹாரன், போன் சார்ஜர், ஜி.பி.எஸ். மாட்டியவர்கள் நான்காவது அளவைக் கட்டாயம் பாருங்கள். வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே வேண்டாம்.

இரண்டாவது, கடையில் "போச்சு" என்றால் "எத்தனை வோல்ட், சார்ஜ் எத்தனை ஏறுது, கசிவு எத்தனை?" என்று மூன்று எண் கேளுங்கள். எண்ணைச் சொல்பவருக்கு அளந்த கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள். எண் சொல்லாதவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். பில் வாங்குங்கள், வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு மட்டும். நாளைக்குக் காலையில் பீரோவைத் திறங்கள். மீட்டரை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். உடைந்தால் என்னிடம் சொல்லுங்கள், பென்ஷனிலிருந்து நான் வாங்கித் தருகிறேன். சும்மா சொல்லவில்லை, எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

மகனுக்கு ஒரு வரி: தம்பி, உன் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. சாவி வழியாக இணைத்து மறுபடி மாட்டியாகிவிட்டது. ஆனால் அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால், தினமும் ராத்திரி ஒரு போன் போடு. அதற்குப் பேட்டரி இறங்காது.

திட்டுவதாக இருந்தாலும் கீழே எழுதுங்கள். கூடவே வண்டியின் வோல்ட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
மணமேல்குடி.